வேருக்கிடையில் நின்ற பந்து

என் மடைத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை வெட்கப்படுத்த வேண்டாம். கோல்ஃப் விளையாட்டில் அதிகம் அடிக்கிறவர்தான் வெல்கிறவர் என்று ஒரு முழு இலையுதிர்காலம் நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு புதன்கிழமை பின்னேரம் மகள் வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நூற்றிப் பதினெட்டு" என்றாள். நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள், தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், வந்தவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். பிள்ளை செஞ்சரி அடித்திருக்கிறாள், லட்டுக் கொடுக்காதவன் என்ன தகப்பன்?

எல்லோரும் வாழ்த்திவிட்டுத் தின்றார்கள். முதலாளி வாழ்த்தாமலே இரண்டு தின்றார். வியாழக்கிழமைகளில் முருங்கைக்காய் வாங்க வரும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருக்கிறார், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கோல்ஃப்பா முசியே? அதுல கொறைச்சலா அடிக்கிறவன்தான் கெலிக்கிறான். நூத்திப் பதினெட்டுன்னா ஒங்க பொண்ணு கடைசியா வந்திருக்கும் போல."

சொல்லிவிட்டு லட்டை வாயில் போட்டுக்கொண்டார். திருப்பித் தருவார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

முதலாளி வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "தம்பி, தோத்ததுக்கே லட்டெண்டால், வெண்டால் கடையையே எழுதிக் குடுப்பாய் போலை. அதுவும் என்ரை கடையை."

அன்றிலிருந்து எனக்கு அந்த விளையாட்டில் பயம் பிடித்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கணக்கும் தலைகீழாக இருக்கிற இடத்துக்கு என் பிள்ளை போய் வருகிறாளே என்ற பயம்.

அவள் அதைத் தேர்ந்தெடுத்ததும் ஆசையால் அல்ல. அவள் படிக்கும் லிசேயில் புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பாடம் இல்லை, விளையாட்டுத்தான். கூடைப்பந்தில் இடம் முடிந்துவிட்டது, நீச்சலில் முடிந்துவிட்டது, கோல்ஃபில் இருந்தது. மட்டைகளைப் பள்ளிக்கூடமே இரவல் கொடுத்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் அவளுக்கு அது பைத்தியமாகிவிட்டது. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும். கூடத்துக் கம்பளத்தில், தேத்தண்ணிக் குவளையைச் சரித்து வைத்து, அதற்குள் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பாள். டக், பிறகு குவளையில் டிங். டக் மட்டும் கேட்டு டிங் கேட்காவிட்டால் அன்றைக்கு அவளோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. மனைவிக்குத் தேத்தண்ணி குடிக்கக் குவளை கிடைக்காது.

வசந்தத்தில் பள்ளிக்கூடங்களுக்கிடையே ஒரு போட்டி. கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் மூன்று நாள். நான்கு பேர் போகலாம். மூன்று பேர் ஏற்கெனவே தேறிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு இரண்டு பேர் மிச்சம்: என் மகள், மற்றது அவளைவிட ஒரு தலை உயரமான ஒரு பிள்ளை. இரண்டு பேரும் ஒரு புதன்கிழமை ஒன்பது துளை விளையாட வேண்டும். குறைய அடிக்கிறவள் போவாள். மகள் அதை எங்களிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். பிறகு குவளைக்கு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமைக்கு மட்டைப் பைகளை ஏற்ற ஒரு வாகனமும், பிள்ளைகளோடு நடக்க இரண்டு பெற்றோரும் தேவை என்று பள்ளியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன். இந்த நாட்டில் காகிதம் வந்தால் முதலில் கையெழுத்து, பிறகு நெஞ்சிடி, கடைசியில்தான் வாசிப்பு. அதுதான் என் ஒழுங்கு. இப்படியாக நானும் கடைக்குக் கருவாடு ஏற்றும் வானும் கோல்ஃபுக்குள் நுழைந்தோம்.

பெற்றோர் நடந்துகொள்ள வேண்டிய முறை என்று இன்னொரு காகிதமும் இருந்தது. அதை மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள்.

"கதைக்கக் கூடாது. ஆரும் அடிக்கேக்கை அசையக் கூடாது. தள்ளி நடக்க வேணும். மற்றப் பிள்ளை நல்லா அடிச்சாலும் கை தட்ட வேணும். யோசனை சொல்லக் கூடாது, எந்தப் பாஷையிலையும்."

"எந்தப் பாஷையிலையும் எண்டு எழுதியிருக்கோ?"

"இல்லை. அது நான் போட்டது. பிறகு, உங்கடை நிழல் ஆற்றையும் பந்து போற வழியிலை விழக் கூடாது."

"நிழலுக்கும் பேப்பர் எடுக்க வேணுமோ பிள்ளை?"

அவள் சிரிக்கவில்லை. "கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாட்டில் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ. மதாம் சொன்னவ."

மதாம் என்றது அவர்களுக்குக் கோல்ஃப் பழக்கும் உடற்பயிற்சி ஆசிரியையை. மெலிந்த, குரலை உயர்த்தாத பெண். குரலை உயர்த்தாதவர்களிடம் எனக்கு எப்போதும் பயம். பெற்றோரை ஒருநாள் கூப்பிட்டு அவர் சொன்னதில் ஒன்றை நான் வீட்டுக்கு வரும்வரை மென்றுகொண்டு வந்தேன். இந்த விளையாட்டில் நடுவர் கூடவே வரமாட்டார். பற்றைக்குள் பந்து கிடக்கும், பிள்ளை தனியே நிற்கும். தவறு நடந்தால், ஒருவரும் பார்க்காவிட்டாலும், அதைத் தானே வந்து சொல்ல வேண்டும். அடிக்கப் பழக்குவது தனக்கு இரண்டாவது வேலை, இதுதான் முதலாவது என்றார்.

எனக்கும் ஒரு பயிற்சி நடந்தது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு சிறிய அறையில். ஏழு பேர் படுக்கும் அறை. அகதி விசாரணைக்குப் போவதற்கு முதல் நாள், எனக்கு முன்னால் விசாரணைக்குப் போய் வந்த அண்ணைமார் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். பயிற்சியின் சாரம் இதுதான்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கேளாததைச் சொல்லாதை. நீயாய் வாயைத் திறந்தால் முடிஞ்சுது." அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷமும் சமாளித்துவிட்டேன். மெத்ரோவில் பயணச்சீட்டுப் பார்க்கிறவர் வந்தால், சீட்டுச் சரியாக இருந்தாலும் எனக்குக் கை நடுங்கும். ஆனால் வாய் திறக்காது.

இப்போது என் பிள்ளைக்கு நேர் எதிரான பாடம் நடக்கிறது. இந்த இரண்டு பயிற்சியும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, வழக்கம்போலப் படுத்துவிட்டேன்.

போட்டி நாளன்று வானத்தில் வெயில் இருந்தது, காற்றில் இல்லை. ஒரு குளிர்பானக் கம்பனி கடைக்கு இலவசமாகக் கொடுத்த செம்மஞ்சள் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டேன். வானின் பின்கதவைத் திறந்தபோது, மற்றப் பெற்றோராக வந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். அவர் அந்த உயரமான பிள்ளையின் தாய். பல் வைத்தியர். இரண்டு விஷயத்துக்காக நான் அவருக்குப் பயந்தேன். ஒன்று, அவருடைய மகள். மற்றது, கடைவாயில் எனக்கொரு பல் நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று வணக்கத்தைக்கூட மூடிய வாயால் சொன்னேன்.

முதலாம் துளையிலேயே மானம் போயிற்று. பக்கத்துப் புல்வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். தலைக்கு மேலால் 'ஸ்ஸ்' என்று ஒன்று போனது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலால் ஏதாவது போனால் முதலில் படுப்போம். என்ன போனது என்று பிறகுதான் கேட்போம். நான் கேட்கும்போது என் மூக்கு புல்லுக்குள் இருந்தது. இரண்டு கையும் தலைக்கு மேல். பல் வைத்தியர் ஓடிவந்து நாடி பார்த்தார்.

"நெஞ்சு நோகிறதா மிஸ்யூ?"

"இல்லை மதாம். பழக்கம்."

தூரத்தில் மகள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள். அந்தத் துளையில் அவளுக்கு எட்டு அடி. என்னாலா, காற்றாலா என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு நான் ஒழுங்காக இருந்தேன். கை பொக்கற்றுக்குள். சூரியன் எந்தப் பக்கம், என் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துச் சுற்றியதில், தேர்த் திருவிழா நாளில் ரூ பஜோல் தெருவில் தேங்காய் உடைக்க இடம் தேடுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன். உயரமான பிள்ளை நன்றாக அடித்தபோது கை தட்டினேன். கையை வெளியே எடுக்க மறந்ததால் பொக்கற் தட்டியது.

ஆறு துளை முடிய, இரண்டு பேரும் சரிசமம் என்று பல் வைத்தியர் காதுக்குள் சொன்னார். அவர் பிள்ளையின் எண்ணிக்கையை என் பிள்ளையும், என் பிள்ளையின் எண்ணிக்கையை அவர் பிள்ளையும் அட்டையில் எழுதினார்கள். எதிராளியின் கணக்கை எதிராளியிடமே கொடுக்கிற விளையாட்டு.

ஏழாவது துளையில் நான் பாதுகாப்பாக நிற்கலாம் என்று முன்னாலேயே போய், வலதுபக்கத்து மரங்களுக்கிடையில் ஒதுங்கினேன். அங்கே ஒருவருடைய பந்தும் வராது என்பது என் கணிப்பு. என் கணிப்பைப் பற்றி லட்டிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகள் அடித்த பந்து நேரே மேலே போய், காற்றில் வளைந்து, ஒரு மரத்தில் பட்டு, உருண்டு, என் சப்பாத்துக்கு முன்னால் இரண்டு வேருக்கிடையில் போய்ச் செருகி நின்றது.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல ஆசை. என் கை பொறுப்பு. நான் பிறந்த இடத்தில் ஒழுங்கைக்குள்தான் கிரிக்கெட். பந்து யார் காலடிக்கு வருகிறதோ, அவர் வழிப்போக்கராக இருந்தாலும், சைக்கிளில் போகிற தபால்காரராக இருந்தாலும், எடுத்து எறிந்துவிட்டுத்தான் போக வேண்டும். எறியாமல் போனவரோடு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். அது அங்கே மரியாதை. எனக்குக் கோல்ஃபின் மரியாதை ஆறு துளை வயசு. மற்ற மரியாதை நாற்பது வருஷம். நான் குனிந்தேன், எடுத்தேன், அழகாக ஒரு வீச்சு வீசி, பந்தைப் பச்சைப் புல்லின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். எறிந்த கை காற்றில் நிற்கும்போதுதான் தலைக்கு விஷயம் விளங்கியது.

ஓடிப்போய் எடுத்து வேருக்கிடையில் திரும்ப வைக்கலாமா? பிள்ளைகளின் குரல் கிட்ட வந்துவிட்டது. இப்போது போனால் பந்தும் கையுமாகப் பிடிபடுவேன். "கேளாததைச் சொல்லாதை" என்று ஸ்தேன் அறை முழுவதும் என் காதுக்குள் சொன்னது. நான் பின்னால் இருந்த முட்பற்றைக்குள் புகுந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குந்தினேன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்கிற சாஸ்திரம். செம்மஞ்சள் ஜாக்கெற் அப்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பிள்ளைகள் ஏதோ பிரெஞ்சில் கதைத்தார்கள். பிறகு டக், டக், டக் என்று மூன்று தரம் கேட்டது. ஒன்று மகளின் அடி, மற்ற இரண்டும் என் நெஞ்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மிச்சம் இரண்டு துளையும் நான் எப்படி நடந்தேன் என்று தெரியாது. பயம் எனக்குப் புதிதல்ல. சோதனைச் சாவடியில் பயந்திருக்கிறேன், விசாரணை அறையில் பயந்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் எனக்காகப் பயந்த பயம். இது வேறு மாதிரிக் குடைந்தது. சின்ன வயதில் விளையாட்டில் கள்ளம் செய்கிறவனை அளாப்பி என்போம். ஒருமுறை பெயர் எடுத்தவனுக்குக் கலியாணம் ஆகி பேரப்பிள்ளை கண்டாலும் அளாப்பி அளாப்பிதான். இங்கே அதைத் தொசியே என்கிற கோப்பில் வேறு எழுதுவார்கள். என் பிள்ளையின் பள்ளிக்கூடத் தொசியே. அதில் ஒரு வரி. அந்த வரியைப் போட்டது என் கை. அவள் கடற்கரைக்குப் போவாள், வெல்வாள், சிரிப்பாள். நான் ஒவ்வொரு தரமும் அந்தச் சிரிப்பைப் பார்த்து வேரை நினைக்க வேண்டும். சொன்னாலோ, இன்றைக்கே அவளைப் போட்டியிலிருந்து வெட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்த 'ஒருவருக்கும் தெரியாது' என்பதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

ஒன்பதாவது துளை முடிந்ததும் பிள்ளைகள் இருவரும் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார்கள். கட்டடத்துக்கு முன்னால் ஒரு மர மேசை. மதாம் இருந்தார். பிள்ளைகள் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மதாம் ஒரு பேனாவை என் மகளிடம் நீட்டினார்.

கையெழுத்து.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யான காகிதத்தில் என் பிள்ளை கையெழுத்து வைக்கப் போகிறாள். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு இல்லை. கனவில்கூட எனக்கு வருகிறது அதுதான். என் கால் தானாக மேசைக்குப் போயிற்று. கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். கோல்ஃப் மரியாதைக்காக அல்ல. அதிகாரிக்கு முன்னால் கழற்றிப் பழக்கம்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வினைச்சொல் எல்லாம் ஓடிவிட்டது. பெயர்ச்சொற்கள் மட்டும் விசுவாசமாக நின்றன.

"மதாம். ஏழு. மரம். பந்து. என் கை. மகள் இல்லை. என் கை."

கேளாததை நானாகச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். சொல்லி முடித்துவிட்டு, அந்தக் கையை மேசையில் வைத்தேன், வெட்டுகிறதென்றால் வெட்டுங்கள் என்கிற மாதிரி. முள் கீறி இரத்தம் வந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

மதாம் அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். குரல் உயரவில்லை.

"தெரியும் மிஸ்யூ. உங்கள் மகள் வந்ததும் சொல்லிவிட்டாள்."

"நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்," என்றது உயரமான பிள்ளை. "நல்ல வீச்சு. பற்றைக்குள் உங்களைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது." பல் வைத்தியர் கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து, என் கையைத் துடைக்கத் தொடங்கினார். அவருக்கும் தெரியும் என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

நடந்தது இதுதான். நான் பந்தை எடுத்ததை மகள் தூரத்திலிருந்தே கண்டிருக்கிறாள். "அப்பா எடுத்துவிட்டார், வேருக்கிடையில்தான் நின்றது" என்று தானாகவே மற்றப் பிள்ளையிடம் சொல்லி, பந்தைப் பழையபடி வேருக்கிடையில் வைத்து அடித்திருக்கிறாள். வெளியாள் ஒருவர் பந்தை அசைத்தால் திரும்ப வைத்து அடிக்கலாம், தண்டனை இல்லையாம். இரண்டு அடி வேரில் பட்டு வீணாகி, மூன்றாவதில்தான் பந்து வெளியே வந்ததாம். நான் நெஞ்சு என்று நினைத்த இரண்டு டக்கும் அவளுடைய மட்டை. அந்த முழு மைதானத்திலும் உண்மை தெரியாமல் நடந்து திரிந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு பேருக்கும் ஐம்பத்தாறு. சரிசமம். அடுத்த புதன்கிழமை திரும்ப விளையாட வேண்டும் என்றார் மதாம். மகள் கையெழுத்து வைத்தாள். அவளுடைய கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கை இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

திரும்பும்போது வானுக்குள் அவளும் நானும் மட்டும். மட்டைகளும் கருவாட்டு வாசமும் பின்னால். மற்றவர்கள் பல் வைத்தியரின் காரில் போய்விட்டார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போர்த் த லா ஷப்பல் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பழைய பயிற்சி. பிறகு, சிவப்பு விளக்கில் நிற்கும்போது, கேளாததை இரண்டாம் தரமும் சொன்னேன்.

"பிள்ளை, நான் உன்னைக் கெடுத்துப்போட்டன் எண்டு பயந்து செத்துப்போனன்."

விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். வானை எடுத்தேன். எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது, பயந்து பயந்து, கேட்டே விட்டேன்.

"அடுத்த புதனும் நான் வரட்டோ?"

"கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு வாங்கோ."